பயந்து நிற்கும் கத்தரி

இப்போதெல்லாம் எவனும் செடியைப் பார்ப்பதில்லை. போட்டோ பிடிக்கிறார்கள். ஒரு இலை தொங்கினால் போதும். அதைக் கிள்ளிப் பார்ப்பது கிடையாது, வேரைப் பிடுங்கி மோந்து பார்ப்பது கிடையாது. செல்போனை நீட்டிப் படம் எடுத்து ஊர் பேர் தெரியாத எவனுக்கோ அனுப்பிவிட்டு, அவன் என்ன சொல்வானோ என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். பதில் சொல்கிறவன் கொல்லையை மிதித்திருப்பானா, மம்புட்டி பிடித்திருப்பானா, யார் கண்டது? உத்திராபதி இதை ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்வார். கேட்க ஆள் இல்லாவிட்டால் மோட்டார் கொட்டகையைப் பார்த்துச் சொல்வார்.

பாண்டிச்சேரி ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருந்தது அவருடைய கொல்லை. அறுபது குழி. மூன்று பக்கமும் மாடி வீடுகள் எழும்பிவிட்டன. மேலேயிருந்து பார்த்தால் குழி வெட்டி அதற்குள் கத்தரி போட்ட மாதிரி இருக்கும். பால்கனிக்காரர்கள் தேங்காய் நாரையும், சில வேளை பிள்ளை மூத்திரத் துணியையும் வீசுவார்கள். நிலம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பிரான்சுக்கே போய்விட்ட ஒரு சொல்தா குடும்பத்துடையது. பட்டாளத்துக் கிழவர் செத்தபிறகு பிள்ளைகள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நாற்பது வருஷமாக உத்திராபதிதான் உழுகிறார், உத்திராபதிதான் தின்கிறார்.

அந்தப் புரட்டாசியில் கொல்லையில் கத்தரி செத்துக்கொண்டிருந்தது.

மஞ்சளாகி, காய்ந்து, சொல்லிக்கொண்டு சாகிற சாவு இல்லை. காலையில் பனித்தண்ணியோடு நிமிர்ந்து நிற்கும். பத்து மணி வெயிலுக்கு ஒரு கிளை தொங்கும். மூன்று மணிக்கு மொத்தச் செடியும் நனைந்த துணி மாதிரி தொங்கிவிடும். மறுநாள் பச்சை இலையோடு பிணம். பகலில் பொன் உருகக் காய்ந்து, பொழுது சாய்ந்தால் மண் உருகப் பெய்துகொண்டிருந்த காலம் அது. ஈர மண்ணிலிருந்து சோற்றுப்பானை மூடியைத் திறந்த மாதிரி ஆவி வந்தது. மொத்தம் பத்துப் பாத்தி. வடக்கே இரண்டு பாத்தி நாலே நாளில் போயிற்று. உத்திராபதி செத்ததைப் பிடுங்கி மூலையில் போட்டு எரித்தார். ஈரச் செடி எரியாமல் புகைந்தது.

அவருடைய மருமகள் துர்கா, செத்துக்கொண்டிருந்த ஒரு செடியின் தண்டை அறுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டு எடுத்து வந்தாள். மகன் ராஜவேல் சேதராப்பட்டுக் கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து கொல்லைக் கணக்கும் மார்க்கெட்டும் அவள் கையில்தான். அரசாங்கத்துப் பயிற்சி, அந்தக் கூட்டம் இந்தக் கூட்டம் என்று எதையும் விடமாட்டாள்.

“மாமா, இங்க வந்து பாருங்களேன்.”

அறுத்த வாயிலிருந்து வெள்ளையாக ஒன்று தண்ணீருக்குள் இறங்கியது. ஊதுபத்திப் புகை தலைகீழாகப் போகிற மாதிரி, நூல் நூலாக, அவசரமில்லாமல். உத்திராபதி குனிந்து டம்ளருக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். ஐம்பது வருஷமாகக் கத்தரி வைக்கிறவர், செடிக்குள் இப்படி ஒன்று குடியிருந்து பார்த்ததில்லை. காட்டிக்கொள்ளவில்லை.

“இன்னா அது, சீழா?”

“கிருமி மாமா. தண்டுக்குள்ள தண்ணி போற வழிய அடைச்சிடுது. வந்துட்டா மருந்து கெடையாது. வராத செடியத்தான் காப்பாத்தணும்.”

“மருந்தே இல்லேங்கற. அப்பறம் எப்பிடிக் காப்பாத்துவ? வேப்பெல அடிச்சா?”

“ஒரு பவுடர் இருக்கு. அது கிருமியக் கொல்லாது. செடி மேல தெளிச்சா, ஐயையோ நோய் வந்துட்டுதுன்னு செடி நெனச்சிக்கும். நெனச்சிக்கிட்டு உள்ளுக்குள்ள எல்லாக் கதவையும் சாத்தி வச்சிக்கும். நெஜமா நோய் வர்றப்ப தயாரா நிக்கும்.”

“அப்ப செடிக்குப் பொய் சொல்ற.”

“பொய்தான். பயம் காட்டறோம்.”

பக்கத்துப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்த அம்மாவாசை தலையைத் தூக்கினான். இருபது வருஷமாக இந்தக் கொல்லையில் கூலிக்கு வருகிறவன். அமாவாசையன்று பிறந்ததால் அந்தப் பெயர். “எலெக்சன் டயத்துல போலீசு ஜீப்பு சொம்மா சுத்திக்கினு வருமே, அந்த மாதிரின்னு சொல்லு பாப்பா. ஒருத்தனையும் புடிக்காது. ஆனா ஒருத்தனும் வாலாட்ட மாட்டான்.”

“கரெக்ட்டுண்ணே!” என்று துர்கா சிரித்தாள்.

உத்திராபதி சிரிக்கவில்லை. “பயந்த மாடு பால் குடுக்காது. பயந்த செடி காய்க்குமா? ஏற்கெனவே சாவுது. நீ வேற போயி காதுல ஊளையிடற. தெற்கால ரெண்டு பாத்தி இருக்கு பாரு, அது என்னுது. அதுல ஒரு சொட்டு படக்கூடாது.”

“சரி மாமா. மத்த ஆறுல தெளிக்கிறேன்.”

“என்னா எழவோ பண்ணு.”

அந்தப் பவுடர் தண்ணீரில் கரையாது. உப்பு மாதிரி வெள்ளையாக, ஊசி ஊசியாக இருந்தது. தண்ணீரில் போட்டால் மிதந்தது. முதலில் ஸ்பிரிட்டில் கரைத்துக்கொண்டு பிறகு தண்ணீரில் கலக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஸ்பிரிட்டுக்கு எங்கே போவது? பாண்டிச்சேரியில் அதற்கு யோசிக்கவா வேண்டும். மோட்டார் கொட்டகையில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால், எந்நேரமும் ஒரு பாட்டில் சாராயம் இருக்கும்.

அது அந்தக் கொல்லையின் வழக்கம். உத்திராபதி தொடுவதில்லை, வயிற்றுப்புண். அது மருந்து அடிக்கிறவனுக்கு. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு மருந்து அடித்தால் அந்தக் காட்டம் நெஞ்சில் இறங்கிவிடும், சாராயம்தான் அதை அறுத்துக்கொண்டு வெளியே போகும் என்பது எண்ட்ரின் பூச்சிமருந்து அடித்த காலத்திலிருந்து வருகிற பேச்சு. கூலி தனி, சாராயம் தனி. பம்பை இறக்கி வைத்தவனுக்குத் தன் கையால் ஊற்றிக் கொடுக்காமல் உத்திராபதி ஒருநாளும் அனுப்பியதில்லை.

துர்கா அந்தப் பாட்டிலில்தான் பவுடரைக் கொட்டிக் குலுக்கிக் கரைத்தாள். நோட்டுத் தாளைக் கிழித்து எழுதிச் சோற்றுப் பசையால் ஒட்டினாள். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மாமனாரிடம் வந்து சொன்னாள். அவர் அப்போது புகைந்துகொண்டிருந்த செடிக் குவியலைக் கழியால் குத்திக்கொண்டிருந்தார். கண்ணில் புகை. மூன்றாம் பாத்தியில் புதிதாக ஒரு செடி தொங்கியதை அப்போதுதான் பார்த்திருந்தார். மனசு அங்கே இருந்தது.

“உம்” என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே துர்கா பாட்டிலிலிருந்து நாலைந்து கரண்டி எடுத்துப் பக்கெட்டுகளில் கலந்து வைத்தாள். மீதியை இரண்டாம் தடவைக்கென்று இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, காய்க்கூடையை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். அம்மாவாசை பம்பில் ஊற்றி அடித்தான். வாயைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தும் மூக்கை உறிஞ்சினான்.

“அண்ணே, மருந்துல சாராய வாசனை வருது.”

“ஒன் வாயிலேர்ந்து வருதுடா.”

“காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடப் படலண்ணே, நம்பு.”

“ஒன்ன நம்பறதும் ஒண்ணு, மழைய நம்பறதும் ஒண்ணு. அடிடா. வெயில் ஏறுது.”

ஆறு பாத்தியும் முடிய ஒன்பதரை ஆயிற்று. அம்மாவாசை பம்பை இறக்கிவிட்டு, வேர்வையில் முதுகு பளபளக்க மோட்டார்த் தொட்டியில் கை கால் கழுவினான். தூக்குவாளியைத் திறந்து பழைய சோறும் சுட்ட கருவாடும் எடுத்து வைத்துக்கொண்டான். உத்திராபதி கொட்டகைக்குள் கையை விட்டு பாட்டிலை எடுத்தார். அதில் ஈரத் தாள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரன் எதையோ ஒட்டியிருக்கிறான் என்று நினைத்தார். கையில் பிசுபிசுத்தது, பிய்த்து, கீழே போட மனசில்லாமல் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். காகிதத்தைக் கீழே போடமாட்டார், பாதி பீடியை மடித்து வைக்க உதவும்.

“இந்தா.”

அம்மாவாசை ஒரு மடக்கு விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தான். “இன்னாண்ணே இது, முன்னால இனிக்குது, பின்னால தொண்டைய அறுக்குது.”

“புதுச் சரக்கா இருக்கும். குடிடா. இன்னிக்கு ஆறு பாத்தி அடிச்சிருக்க. நெஞ்சு சுத்தமாவட்டும்.”

“நெஞ்சு சுத்தமாவுமோ இல்லியோ, குடல் வெந்துடும் போல இருக்கு.” சொல்லிக்கொண்டே கருவாட்டைக் கடித்துக்கொண்டு பாதிக்கு மேல் குடித்தான். உத்திராபதி தன் இரண்டு பாத்திக்குத் தண்ணீர் திருப்பப் போய்விட்டார்.

பதினொரு மணிக்கு அவன் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

“அண்ணே! மோட்டார நிறுத்துண்ணே!”

மோட்டார் ஓடவில்லை. கரண்டு போய் அரைமணி ஆகியிருந்தது.

“ஓடலியேடா.”

“காதுல கொய்யுங்குதே.”

உத்திராபதி திரும்பி வந்து பார்த்தார். அம்மாவாசை கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தின்றதெல்லாம் பக்கத்தில் வாந்தியாகக் கிடந்தது. உடம்பு முழுக்க வேர்வை, குளித்துவிட்டு வந்த மாதிரி. மூச்சு வாங்கியது. ஓடிவந்தவன் வாங்குகிற மூச்சு இல்லை; கொல்லன் துருத்தியை நிறுத்தாமல் மிதிக்கிற மாதிரி. கழுத்து தொங்கியது. தலையைத் தூக்கப் பார்த்தான், மறுபடி தொங்கியது. உத்திராபதிக்கு மூன்றாம் பாத்திச் செடி ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம் வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

அந்நேரம் பார்த்து துர்கா காலிக் கூடையோடு உள்ளே வந்தாள். அம்மாவாசையைப் பார்த்தாள். அவன் காலடியில் கிடந்த பாட்டிலைப் பார்த்தாள். கூடை கையிலிருந்து விழுந்தது.

“மாமா... இத யாரு குடிச்சது?”

“அவன்தான். ஏன்?”

“அய்யோ, இதுலதான மாமா பவுடரக் கரைச்சி வச்சேன்!”

ஆட்டோ பிடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. அம்மாவாசையின் வீடு அடுத்த தெருதான். அவன் பெண்சாதி தனம் தலைமுடியை அள்ளி முடியாமலேயே கொல்லைக்கு ஓடிவந்து, கிடந்த பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டாள். நடுவில் அம்மாவாசை, இரண்டு பக்கமும் பெண்கள், டிரைவர் பக்கத்தில் ஒரு தொடை மட்டும் ஒட்டியபடி உத்திராபதி. நெல்லித்தோப்புச் சிக்னலில் வண்டி நின்றது. முன்னால் கல்யாண மண்டபத்துக்கு வாழைமரம் ஏற்றிய டெம்போ. வாழைமரத்துக்கு வழி விடாமல் ஒரு பஸ். பின்னால் அந்த மூச்சு. ஹ, ஹ, ஹ, ஹ.

“இன்னும் எவ்ளோ நேரம்ப்பா?”

“சிவப்பு விழுந்திருக்கு பெரியவரே, நான் இன்னா பண்றது?”

கை தானாகப் பீடிக்குப் போயிற்று. சட்டைப் பையில் விரல் பட்டது பீடியில் இல்லை, காய்ந்து மொரமொரத்த தாளில். எடுத்துப் பிரித்தார். உத்திராபதி மூன்றாம் வகுப்போடு நிறுத்தினவர். எழுத்துக் கூட்டுவார், மாடு ஏர் இழுக்கிற வேகத்தில். செ, டி, ம, ரு... செடி மருந்து. அடுத்த வரியில் ஒரு எண்ணும் கிராம் என்றும் இருந்தது. அதற்கடுத்த வரி பெரிய எழுத்தில். கு, டி, க், கா... அவர் முடிக்கவில்லை. தாளை மடித்து மறுபடி பையில் போட்டார். பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். டிரைவர் பார்த்துவிட்டு, “பயப்படாதீங்க, பச்ச விழுந்துட்டுது” என்றான்.

பின்னால் தனம் கத்த ஆரம்பித்திருந்தாள். “நல்லா இருப்பியாடி நீ? விஷத்தக் கலந்து சாராயப் பாட்டில்லயா வைப்ப? குடிக்கிற ஆம்பள இருக்கிற எடத்துல?”

“எழுதி ஒட்டி வச்சேன்க்கா...”

“எங்க ஒட்டின? நான் பாட்டில எடுத்துப் பாத்துட்டுத்தான் வந்தேன், ஒண்ணுத்தையும் காணம்! மொட்டையா கெடக்குது!”

துர்கா அம்மாவாசையின் தொங்கும் தலையைத் தோளில் ஏந்திக்கொண்டாள். தனக்குத்தானே பேசுகிற மாதிரி, “ஒட்டினேனே... மாமாகிட்டயும் சொன்னேனே...” என்றாள். பிறகு இன்னும் சின்னக் குரலில், “சொன்னேனா? சொல்லணும்னு நெனச்சிட்டு வந்துட்டேனா?” என்றாள்.

உத்திராபதி ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேற்றைக்குப் புகைக்கு நடுவில் ஒரு குரல் வந்தது இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. தொடாதீங்க மாமா என்றது அந்தக் குரல். உம் என்றது இவர் குரல்.

பெரியாஸ்பத்திரியில் கட்டிலில் கிடத்தினார்கள். டாக்டர் சின்னப் பெண். அவளுக்கு இருபத்தைந்து இருந்தால் அதிகம். கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள், மூச்சை எண்ணினாள்.

“என்ன குடிச்சாரு?”

“இவ வச்ச விஷம்மா!” என்றாள் தனம்.

துர்கா பவுடரின் பெயரைச் சொன்னாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். “எவ்வளவு கலந்தீங்க? எவ்வளவு குடிச்சாரு? கரெக்டா சொல்லணும். அதுக்கேத்த மாதிரிதான் பாக்கணும்.”

“பாதி பாட்டிலுக்கு மேல போயிருக்கு மேடம். கலந்தது... பத்து கிராம். இல்ல, ரெண்டு பாக்கெட் வாங்கினேன். ரெண்டையும் போட்டேனா...” துர்காவின் உதடு வெளுத்திருந்தது. “ஒரு பாக்கெட்டு வீட்ல இருக்கும்னு நெனக்கிறேன். தெரியல. எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரல மேடம்.”

“யோசிச்சுச் சொல்லும்மா. சீக்கிரம்.”

உத்திராபதி சுவரோரம் நின்றார். சுவரில் பச்சை பெயின்ட் உரிந்திருந்தது. வாசலில் ஒரு போலீஸ்காரர் நோட்டோடு உட்கார்ந்து, அடிபட்டு வந்தவனிடம் விலாசம் கேட்டுக்கொண்டிருந்தார். உத்திராபதி அவரைப் பார்த்தார். தாளை ஆட்டோவிலேயே வெளியே விட்டிருந்தால் வாழைமரத்து டெம்போ சக்கரத்தில் போயிருக்கும். ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. துர்கா சின்னப் பெண், தெரியாமல் வைத்துவிட்டாள் என்று நாலு நாள் பேசிவிட்டு ஊர் ஓய்ந்துவிடும். அப்படித் தோன்றியது. தோன்றவில்லை என்று அவர் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. ஹ, ஹ, ஹ என்று கட்டிலிலிருந்து அந்த மூச்சு வந்துகொண்டே இருந்தது.

பையில் கைவிட்டார்.

“இதுல எழுதியிருக்கு” என்றார்.

தாளில் பீடித்தூள் ஒட்டியிருந்தது. டாக்டர் தட்டிவிட்டுப் படித்தாள். “இருபது கிராம். சரி.” உடனே நர்சிடம் ஏதேதோ சொல்லிக்கொண்டு திரும்பினாள். ஆனால் தனம் திரும்பவில்லை.

“அது எப்பிடி ஒங்கிட்ட வந்துது?”

“பாட்டில்ல ஒட்டியிருந்துது. நாந்தான் பிச்சேன்.”

“நீயா?”

“பாட்டில எடுத்துக் குடுத்ததும் நாந்தான். முந்தாநேத்தே... இல்ல, நேத்து, இவ வாயாலயும் சொன்னா. நான் காதுல வாங்கல. அவன் தொண்டைய அறுக்குதுன்னான். நாந்தான் குடிடான்னேன்.”

துர்கா அவரைப் பார்த்தாள். அழுகைக்கு முன்னால் முகம் ஒருமாதிரி கோணும் இல்லையா, அப்படி ஆயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

தனம் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. கிட்டே வந்து, கத்தாமல் சொன்னாள். “அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, பொறப்பு எறப்பு எழுதற எத்தா சிவில் ஆபீசுல சாவு எழுத நான் போவ மாட்டேன். நீயே போயி எழுதிக் குடு. எப்பிடிச் செத்தாருன்னு கேப்பாங்க. அதையும் நீயே சொல்லு.” பிறகு வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வயிற்றைக் கழுவினார்கள். கரித்தண்ணீர் கொடுத்தார்கள். அவன் வாயெல்லாம் கறுத்துப் போய்ப் பார்க்கவே பயமாக இருந்தது. கையில் குளுக்கோஸ் பாட்டில் ஏறியது. டாக்டர் பெண் போகிறபோதும் வருகிறபோதும் ஒவ்வொன்று சொன்னாள். இது தலைவலி மாத்திரைக்கு அண்ணன் தம்பி மாதிரிதான், அளவு மீறினால் விஷம் என்றாள். இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றாள். பிழைப்பான் என்று மட்டும் சொல்லவில்லை. உத்திராபதி அந்த ஒரு வார்த்தைக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளெல்லாம் போனைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்களைத் திட்டுகிறவர், முன்பின் தெரியாத பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ராஜவேல் ஷிப்டை விட்டுவிட்டு வந்து சேர்ந்தான். பன்னும் டீயும் வாங்கி வந்தான். தனம் வாங்கிக்கொள்ளவில்லை. உத்திராபதி வாங்கி, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். டீயில் ஆடை கட்டியது. நான்கு மணிக்கு வானம் கருத்துப் பெருமழை பிடித்தது. கொல்லையில் தண்ணீர் நிற்கும். வடக்கிலிருந்து தெற்கே அந்த வெள்ளைப் புகையைச் சுமந்துகொண்டு ஓடும். உத்திராபதிக்கு அதுவும் தெரிந்தது. ஆனால் அது யாருடைய கொல்லையோ மாதிரி தூரத்தில் இருந்தது.

“மாமா, ஒரு வாய் பன்னாச்சும் சாப்புடுங்க” என்றாள் துர்கா.

“எறங்காது.”

“நான் அந்தப் பாட்டில்ல வச்சிருக்கக் கூடாது மாமா. வேற பாட்டில்ல ஊத்தியிருக்கணும்.”

“ஆமாம். வச்சிருக்கக் கூடாது” என்றார் உத்திராபதி. அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பொய் சொல்லவும் அன்றைக்கு முடியவில்லை. “நீயும் வச்சிருக்கக் கூடாது, நானும் குடுத்திருக்கக் கூடாது.”

ஆறு மணி வாக்கில் மூச்சு கொஞ்சம் தணிந்தது. துருத்தி மிதிக்கிறவன் களைத்துப்போன மாதிரி. தணிந்தது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் நாலு பேரும் எழுந்து நின்றார்கள். அம்மாவாசை கண்ணைத் திறந்து, கறுத்த வாயால், ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.

“அண்ணே! இன்னும் மோட்டார நிறுத்தலியா நீ?”

தனம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். டாக்டர் பெண் உள்ளே வந்து பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தாள். “இனி பயமில்ல. காது சத்தம் ரெண்டு மூணு நாளைக்கு இருக்கும்.” உத்திராபதி வெளியே வந்தார். மழை விட்டிருந்தது. கடற்கரைப் பக்கமிருந்து காற்று வந்தது. கையிலிருந்த பன்னை ஒரு நாய்க்குப் போட்டார். அது மோந்து பார்த்துவிட்டுத்தான் தின்றது. புத்தியுள்ள நாய் என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் அம்மாவாசை வீட்டுக்கு வந்தான். அதற்கப்புறம் பதினைந்து நாள் தனம் அவனை வேலைக்கு விடவில்லை. உத்திராபதி தினம் அவர்கள் வாசல் வழியாகப் போவார், நிற்பார், உள்ளே கூப்பிடமாட்டார்கள், போவார். ஒருநாள் ஒரு கூடைக் கத்தரிக்காயை வாசலில் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் கூடை வெறுமையாக வெளியே இருந்தது. அதற்கடுத்த நாள் தனம் அவரைப் பார்த்து, “காரக்கொழம்புக்கு முத்தின காய் ஒதவாது. பிஞ்சாப் பாத்து எடுத்தாந்து வையி” என்றாள். அது போதும் என்று இருந்தது அவருக்கு.

மூன்று வாரம் கழித்து அம்மாவாசை கொல்லைக்கு வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். எதைச் சொன்னாலும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. அது மருந்தாலா, அவன் வேண்டுமென்றே செய்கிறானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வெயில் ஏறியதும் உத்திராபதி கொட்டகைக்குள் போய் வந்தார். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் இப்போது பாட்டில் கிடையாது. ஒரு சொம்பு மோரை நீட்டினார்.

அம்மாவாசை சொம்பை வாங்கினான். உள்ளே பார்த்தான். மோந்து பார்த்தான். இருபது வருஷமாக அவர் கையிலிருந்து எதையும் மோந்து பார்க்காமல் குடித்தவன்.

“நீ ஒரு வாய் குடிச்சிட்டுக் குடுண்ணே.”

விளையாட்டாகத்தான் சொன்னான், சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் சொம்பைத் திருப்பி நீட்டிய கை நீட்டினபடியே இருந்தது. உத்திராபதி வாங்கி, வாய்வைத்து இரண்டு மடக்கு குடித்தார். புளித்த மோர். விழுங்கும்போது அவருக்கே ஒரு நிமிஷம் தொண்டையில் நின்றது, இனிக்கிறதா என்று பார்த்தார். அப்புறம்தான் இறங்கியது. துண்டால் சொம்பின் விளிம்பைத் துடைத்துக் கொடுத்தார். அம்மாவாசை குடித்தான்.

“மாமா, இங்க வாங்க” என்று கூப்பிட்டாள் துர்கா.

அவள் பாத்திகளுக்கு நடுவில் நின்றாள். பவுடர் தெளித்த ஆறு பாத்தியில், செத்தது வரப்போரம் பத்துப் பதினைந்து செடி இருக்கும். மற்றதெல்லாம் நின்றது. இலை கொஞ்சம் சிறுத்திருந்தாலும் ஊதாப்பூ பூத்து, பிஞ்சு பிடித்திருந்தது. தெற்கே உத்திராபதியின் இரண்டு பாத்தியில் பாதிக்கு மேல் பொக்கை. துர்கா இங்கே ஒருதரம் பார்த்தாள், அங்கே ஒருதரம் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

உத்திராபதி குனிந்து ஒரு செடியின் தண்டை விரலால் அழுத்திப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. இலையைத் திருப்பிப் பார்த்தார். மண்ணைக் கிள்ளி மோந்தார். நிமிர்ந்து, மழைத்தண்ணீர் வந்த வழியைக் கண்ணால் அளந்தார்.

“இந்த ஆறு பாத்தியும் மேடு” என்றார். “அன்னிக்குப் பேஞ்ச மழை இதுல ஏறல. சுத்திக்கினு போயி என் பாத்தியில எறங்கிச்சு. அதான் அது செத்துது, இது நிக்குது.”

“இல்ல மாமா, செடி தயாரா இருந்துது. அதான் தாங்கிச்சு. இதப் பாருங்க, வரப்போரத்துல தண்ணி பட்ட செடிகூட...”

“நின்னுச்சு, இல்லேங்கல. பயத்துல நிக்குது. பயத்துல நிக்கிறது எம்மா நாளைக்கு நிக்கும்னு யாரால சொல்ல முடியும்? நானுந்தான் அன்னிக்கு ஆஸ்பத்திரியில நாள் முழுக்க நின்னேன்.”

துர்கா ஒரு பிஞ்சில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “வர்ற சனிக்கெழம ரெண்டாம் தடவ தெளிக்கணும் மாமா. ஒங்க பாத்தியிலயும் தெளிக்கட்டுமா?”

“ஒம் பாத்தியில நீ தெளிச்சிக்கோ. எம் பாத்தி கிட்ட வராத.”

மம்புட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். செத்த செடிகள் இருந்த பொக்கைகளைத் தாண்டி, மாடிவீட்டுக்காரன் வீசிய தேங்காய் நாரைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போனார். பின்னால் அம்மாவாசை, காது கேளாதவன் கத்துகிற கத்தலாகக் கேட்டான்.

“இன்னா பாப்பா சொல்றாரு?”

“மேடாம்ண்ணே!”

“என்னாது?”

“மேடாம்! மேடு!”

உத்திராபதி திரும்பிப் பார்க்கவில்லை.